குறைந்த அளவும் காத்த உயிரும்: ஸ்ரற்றின் அல்லாத கொலஸ்திரோல் மருந்துகள் குறித்து

கொலஸ்திரோல் என்பது ஒரு நோயின் பெயரன்று. ஈரலில் ஆக்கப்பட்டு, உடற் கலங்களின் மென்சவ்வுக்கும் ஓமோன்கள் பலவற்றுக்கும் பித்த உப்புகளுக்கும் மூலமாக அமையும் ஒரு பொருளின் பெயரே அது. அப்பொருள் குருதியில் மிகுந்து நாடிச் சுவர்களிற் படிவதன் விளைவுகளே மாரடைப்பும் பாரிசவாதமும். நோயாளி அஞ்ச வேண்டியவையும் மருத்துவர் தடுக்க வேண்டியவையும் அவ்விளைவுகளேயாம். ஆயின் இன்றோ அச்சமனைத்தும் ஆய்வுகூடத் தாளில் அச்சாகும் ஓர் அளவின்மேற் குவிந்துவிட்டது. அளவு குறைந்தால் ஆபத்து அகன்றது என்றும், எம்மருந்தாற் குறைந்தாலும் பயன் ஒன்றே என்றும் கொள்ளும் மனப்பாங்கு கற்றோரிடத்தும் வேரூன்றியுள்ளது. அது பிழையான மனப்பாங்கு மட்டுமன்று. உயிர்களைப் பலிகொண்ட மனப்பாங்கும் ஆகும்.

இம்மனப்பாங்கு அண்மைக்காலத்திற் புதியதொரு வடிவம் பெற்றுள்ளது. "ஸ்ரற்றின் மாத்திரை உடம்புக்கு ஆகாது, கொலஸ்திரோலைக் குறைக்க வேறு மருந்துகள் எத்தனையோ உள்ளன" என்பதே அது. மருந்துக்கடையிலும் கலியாண வீட்டிலும் ஒருங்கே கேட்கும் வாதம் இது. இவ்வாதத்தின் முதற்பாதி பின்னர் நோக்கப்படும். இரண்டாம் பாதியே முதற்கண் ஆராயத்தக்கது. 'வேறு மருந்துகள்' எனப் பொதுப்படச் சுட்டப்படுவன ஓரினத்தவையல்ல. மாரடைப்பைக் குறைத்தனவும், எதனையும் குறையாதனவும், மரணத்தையே கூட்டினவும் அப்பெயரின்கீழ் அருகருகே நிற்கின்றன. இவையனைத்தும் கொலஸ்திரோலைக் குறைத்தன என்பது உண்மை. அவ்வுண்மை மட்டும் போதாது என்பதே இத்துறையின் வரலாறு புகட்டும் பாடம்.

1. உரைகல் எது?

ஸ்ரற்றின்கள் இன்று பெற்றுள்ள முதலிடம் அளவைக் குறைத்தமையால் மட்டும் வந்ததன்று. யப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ 1970களில் ஒருவகைப் பங்கசிலிருந்து இவ்வினத்தின் முதற்பொருளைப் பிரித்தெடுத்தார். 1987இல் லோவாஸ்ரற்றின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அது கொலஸ்திரோலைப் பெரிதுங் குறைத்தது. எனினும் மருத்துவ உலகின் ஐயம் அகலவில்லை, அகலாதிருந்தமை நியாயமே. 1994இல் ஸ்கந்திநேவிய நாடுகளில் 4444 இருதய நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிபு வெளியாயிற்று. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் வெற்று மாத்திரை பெற்றோருள் 256 பேரும் சிம்வாஸ்ரற்றின் பெற்றோருள் 182 பேரும் இறந்திருந்தனர். ஐயத்தை அகற்றியது இக்கணக்கேயன்றி ஆய்வுகூடத் தாளன்று.

இத்தகைய ஆய்வில் நோயாளர் எழுமாற்றாக இரு பகுதியினராக்கப்படுவர். ஒரு பகுதியினர் மருந்தையும் மறுபகுதியினர் அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையையும் பெறுவர். யார் எதனைப் பெறுகின்றார் என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். ஆண்டுகள் சில கழிந்தபின் எண்ணப்படுவன மாரடைப்பும் மரணமும். ஒரு மருந்தின் தகுதியைத் தேர்வதற்கு இதனினும் நேர்மையான உரைகல் இதுவரை கண்டறியப்படவில்லை. ஸ்ரற்றினைத் தேர்ந்த அதே உரைகல்லிற் பிறவற்றையுந் தேர்ந்து பார்ப்பதே நடுநிலை. ஒன்றுக்கு ஒரு நீதி, மற்றொன்றுக்கு வேறொரு நீதி என்பது அறிவியலாகாது.

2. அளவைக் குறைத்தன, ஆளைக் காவாதன

முதலில் வருவது திரிப்பரனோல். 1960இல் அமெரிக்காவிற் சந்தைக்கு வந்த இம்மருந்து, கொலஸ்திரோல் ஆக்கத்தின் இறுதிப் படியைத் தடுத்தது. தாளில் அளவு குறைந்தது. ஆயின் ஆக்கப்பாதையில் இறுதிக்கு முந்திய பொருள் உடலில் தேங்கியது. மயிர் உதிர்ந்தது; கண்வில்லையிற் புரை படர்ந்தது. 1962இல் அது மீளப்பெறப்பட்டது. விலங்குகளிற் கண்ட தீங்குகளை மருந்துக் கம்பனி மறைத்திருந்தமையும் பின்னர் வெளிப்பட்டது. அளவை மட்டும் நோக்கி மகிழ்ந்திருந்தோர் நோயாளியின் கண்ணை நோக்க மறந்தனர்.

அடுத்தது குளோபைபிரேற்று. எடின்பரோ, பிராக், புடாபெஸ்ற் ஆகிய மூன்று நகரங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் அது ஆராயப்பட்டது. சுகதேகிகளான ஆடவரே அதனை உட்கொண்டனர். கொலஸ்திரோல் 9 வீதமளவிற் குறைந்தது. உயிர்போகாத மாரடைப்பும் குறைந்தது. இவ்வளவோடு கணக்கை மூடியிருந்தால் வெற்றி முழக்கமே கேட்டிருக்கும். ஆயின் மரணங்களும் எண்ணப்பட்டன. 1984இல் வெளியான இறுதி அறிக்கையின்படி, மருந்துட்கொண்ட காலத்தில் அப்பகுதியினரிடை மரணம் 47 வீதம் மிகுந்திருந்தது. நோயற்ற மனிதரை நோய் வராமற் காப்பதற்கெனக் கொடுத்த மருந்து அவர்களுட் பலரை முன்னதாகவே மாளச்செய்தது. இதனினும் கொடிய முரண் மருத்துவ வரலாற்றில் அரிது.

அதே குடும்பத்தின் பிந்திய மருந்துகள் அத்தகைய பெருந்தீங்கு செய்தவையல்ல என்பது கூறப்படவேண்டும். எனினும் ஸ்ரற்றினுடன் சேர்த்துக் கொடுத்தபோது அவை மாரடைப்பைக் குறைக்கவுமில்லை. பீனோபைபிரேற்று 2010இல் நீரிழிவு நோயாளர் 5518 பேரிடத்துத் தோற்றது. 2022இல் 10,497 பேரிடம் பீமாபைபிரேற்று ஆராயப்பட்டது. முக்கிளிசரைட்டு எனும் கொழுப்பு நாலிலொன்று குறைந்தும் மாரடைப்பு ஒரு சிறிதுங் குறையவில்லை. முக்கிளிசரைட்டு அளவுகடந்து உயர்ந்தோரைச் சதையி அழற்சியினின்று காப்பதற்கு இக்குடும்பம் பயன்படலாம். அப்பணிக்கு அப்பால் 'இருதயத்துக்கு நல்லது' என்று இதனை நீட்டுவது சான்றற்ற செயல்.

மூன்றாவது நியாசின். உயிர்ச்சத்து எனும் பெயரால் இதற்குத் தனியொரு மதிப்புண்டு. பெருமளவில் உட்கொண்டால் இது கொலஸ்திரோலைக் குறைக்கும் என்பது 1955இற் கனடாவிற் கண்டறியப்பட்டது. தீய கொலஸ்திரோல் எனப்படும் அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதத்தைத் தாழ்த்தி, நல்ல கொலஸ்திரோல் எனப்படும் அடர்த்தி கூடியதை உயர்த்தும் இரட்டை வல்லமை இதற்கு உண்டு. ஸ்ரற்றின் தோன்றுமுன் நடந்த ஓர் ஆய்வில் இது மாரடைப்பை ஓரளவு குறைத்ததும் உண்டு. ஆயின் ஸ்ரற்றின் பெறுவோர்க்கு இதனால் மேலதிக நன்மை உண்டா என்பதே இன்றைய வினா. 2011இல் ஓராய்வு பயன் காணாது இடைநிறுத்தப்பட்டது. 2014இல் 25,673 பேரைக் கொண்ட பேராய்வு வெளியாயிற்று. அளவுகள் இரண்டும் எதிர்பார்த்தவாறே மாறின. மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை. நீரிழிவும் குருதிப்பெருக்கும் தொற்றுநோயும் கூடின. இதன் பின்னரும் 'வெறும் விற்றமின்தானே' என்று நியாசினை வாங்கி விழுங்குவோர் உளர். பெயர் இனிமையாக இருப்பதால் மருந்து இனியதாகிவிடாது.

இறுதியாக ரோசெற்றிரப்பிப். நல்ல கொலஸ்திரோலை உயர்த்தினால் நாடி துப்புரவாகும் என்னும் கொள்கையின் குழந்தை இது. 15,067 பேரிடம் ஆராயப்பட்டது. நல்லது 72 வீதம் உயர்ந்தது. தீயது 25 வீதம் தாழ்ந்தது. ஆய்வுகூடத் தாளை மட்டும் கண்டோர்க்கு இதனைவிட அழகிய முடிபு வேறெதுவாக இருக்க முடியும்? 2006 டிசம்பரில் ஆய்வு திடீரென நிறுத்தப்பட்டது. மருந்து பெற்றோருள் 93 பேரும் பெறாதோருள் 59 பேரும் இறந்திருந்தமையே காரணம். இம்மருந்து குருதியமுக்கத்தையும் உயர்த்தியிருந்தது. அதன் இனத்ததான இவசெற்றிரப்பிப் தீயதை 31 வீதம் தாழ்த்தியும் யாதொரு பயனுந் தாராமையால் அதன் ஆய்வும் 2015இல் நிறுத்தப்பட்டது.

இந்நான்கு வரலாறுகளையும் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. மருந்தொன்று உடலுட் புகுந்து ஒரே ஒரு செயலை மட்டும் செய்வதில்லை. ஆய்வுகூடம் அளப்பது அதன் செயல்களுள் ஒன்றை. நோயாளி அனுபவிப்பதோ அனைத்தையும்.

3. தேறியவை

இவ்வளவும் கூறியதனால் ஸ்ரற்றின் அல்லாதன யாவும் பயனற்றவை என்பது பொருளன்று. அவ்வாறு கூறுவோரும் பிழைபடுவோரே. உரைகல்லிற் தேறியவை உண்டு.

அவற்றுள் மூத்தது கொலஸ்ரைரமின் என்னும் பிசின். குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுவது இதன் தொழில். இழந்த பித்த அமிலங்களை ஈடுசெய்ய ஈரல் கொலஸ்திரோலைச் செலவிடுகின்றது. அதற்கெனக் குருதியிலிருந்து கூடுதலாக இழுத்தெடுக்கின்றது. 1984இல் 3806 ஆடவரிடம் நடந்த ஆய்வில், வெற்றுப்பொடி பெற்றோருள் 187 பேரும் பிசின் பெற்றோருள் 155 பேரும் மாரடைப்புக்கோ இருதய மரணத்துக்கோ உள்ளாயினர். ஆனால் அதனை நாள்தோறும் 24 கிராம் வரை கரைத்துக் குடிக்கவேண்டியிருந்தது. மணலை விழுங்குவது போன்ற அம்மருந்தை ஏழாண்டு தொடர்வது எளிதன்று.

இரண்டாவது எசெற்றிமைப். உணவிலும் பித்தத்திலும் உள்ள கொலஸ்திரோல் குடற்சுவரினூடாக உட்புகும் வாயிலை இது அடைக்கின்றது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது இதன் கையிலிருந்த சான்று, அளவு குறைந்தது என்பது மட்டுமே. உயிர்களைப் பற்றிய சான்று 2015 வரை வரவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் நோயாளர் நம்பிக்கையை மட்டுமே விலை கொடுத்து வாங்கினர். பின்னர் வந்த முடிபு எசெற்றிமைப்புக்குச் சாதகமாக அமைந்தது: மாரடைப்பு உற்று மீண்ட 18,144 பேருள், சிம்வாஸ்ரற்றின் மட்டும் பெற்றோரில் ஏழாண்டில் 34.7 வீதத்தினரும், எசெற்றிமைப்பையுஞ் சேர்த்துப் பெற்றோரில் 32.7 வீதத்தினரும் மீண்டும் பாதிப்புற்றனர். நூற்றுக்கு இருவர் தப்பினர். இது சிறிய நன்மையே. ஆயினும் மெய்யான நன்மை. ஆனால் முடிபு நல்லதாக அமைந்தமை, அதுவரை காத்திராமையை நியாயப்படுத்திவிடாது. குளோபைபிரேற்றும் இதேவகை நம்பிக்கையின்பேரிலேயே வழங்கப்பட்டது.

மூன்றாவது பெம்பிடோயிக் அமிலம். ஸ்ரற்றின் தடுக்கும் அதே ஆக்கப்பாதையை இது முந்தியதொரு படியிற் தடுக்கின்றது. இதனைச் செயற்படு நிலைக்கு மாற்றும் நொதியம் ஈரலில் உண்டு, தசையில் இல்லை. எனவே தசைநோவை அஞ்சுவோர்க்கு இது ஏற்றது. 2023இல் வெளியான ஆய்வில், ஸ்ரற்றினைத் தாங்கவியலாத 13,970 பேருள் வெற்று மாத்திரை பெற்றோரில் 13.3 வீதத்தினரும் மருந்து பெற்றோரில் 11.7 வீதத்தினரும் இருதய நாடி நோயால் தாக்குண்டனர். யூரிக் அமில மூட்டுவாதமும் பித்தப்பைக் கல்லும் சற்று மிகுந்தன என்பதும் உடன் சொல்லப்படவேண்டும்.

நான்காவது, பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதத்தை எதிர்க்கும் ஊசிமருந்துகள். இப்புரதத்தின் வரலாறு சுவையானது. ஈரற் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகளே தீய கொலஸ்திரோலைக் குருதியிலிருந்து அள்ளியெடுக்கின்றன என்பதை பிரவுண், கோல்ட்ஸ்ரைன் ஆகிய இருவரும் காட்டி 1985இல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வாங்கிகளை அழிப்பது பி.சி.எஸ்.கே.9. இது குறைந்த நிலையிற் பிறந்த கறுப்பின அமெரிக்கரிடம் தீய கொலஸ்திரோல் 28 வீதம் தாழ்ந்தும் இருதய நாடி நோய் 88 வீதம் அருகியும் இருந்தமை 2006இல் வெளியாயிற்று. இயற்கையே செய்து காட்டிய ஆய்வு இது. பின்னர் எவலோகுமாப் 27,564 பேரிடம் ஆராயப்பட்டது. 2017இல் வெளியான முடிபின்படி தீய கொலஸ்திரோல் 59 வீதம் வீழ்ந்தது. இரண்டாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பாதிப்புற்றோர் 11.3 வீதத்திலிருந்து 9.8 வீதமாயினர். 2018இல் அலிரோகுமாப்பும் இவ்வாறே தேறியது.

தேறிய நான்கிற்கும் பொதுவானதொன்று உண்டு. வழி வேறாயினும், ஈரலின் வாங்கிகளைப் பெருக்கித் தீய கொலஸ்திரோலைக் குருதியிலிருந்து அகற்றுவதே இவை யாவற்றினதும் முடிபான செயல். ஸ்ரற்றினின் செயலும் அதுவே. எனவே 'கொலஸ்திரோற் கொள்கையே பொய்' என்று ஆர்ப்பரிப்போர்க்கு இந்நான்கும் தக்க மறுமொழி. அதேவேளை, இப்பொதுமை சான்றுக்கு ஈடாகாது. ஆறுமாதத்துக்கொருமுறை ஏற்றப்படும் இன்கிளிசிரான் என்னும் ஊசி, அளவு குறைந்தமையை மட்டும் கொண்டே 2021இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. கொள்கை அதன் பக்கம் இருக்கலாம். ஆயினும் கொள்கை வேறு, தேர்வு வேறு.

4. ஸ்ரற்றினை விடுவோர் கூறும் நியாயம்

ஸ்ரற்றினைக் கைவிடுவோர் பெரும்பாலும் கூறுவது தசைநோவு. அவர்தம் நோவு பொய்யன்று. ஆயின் அந்நோவை விளைப்பது மாத்திரையா, மாத்திரை பற்றிய அச்சமா என்பதே வினா. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் நிகழ்ந்து 2020இல் வெளியான ஆய்வில், நோவு தாளாது ஸ்ரற்றினைக் கைவிட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்ரற்றினும், சில மாதம் வெற்று மாத்திரையும், சில மாதம் ஒன்றுமில்லாமலும் மாறிமாறி வழங்கப்பட்டது. ஸ்ரற்றினால் எழுந்த நோவில் 90 வீதம் வெற்று மாத்திரையாலும் எழுந்தது. 2022இற் பல பேராய்வுகளை ஒருங்குசேர்த்துக் கணித்தபோது, தசைநோவு கூறியோர் ஸ்ரற்றின் பெற்றோரில் 27.1 வீதமும் வெற்று மாத்திரை பெற்றோரில் 26.6 வீதமுமாவர்.

மெய்யான தசைத்தீங்கு அரிதாக நிகழ்வதுண்டு; நீரிழிவின் வாய்ப்பை ஸ்ரற்றின் சற்றுக் கூட்டுவதுமுண்டு. இவற்றை மறைப்பது மருத்துவ நேர்மையன்று. அத்தகையோர்க்குப் பிற மருந்துகள் வேண்டும். ஆனால் அயலவர் சொற்கேட்டு மாத்திரையை எறிந்துவிட்டு, சான்றுள்ள ஒன்றினின்று சான்றற்ற ஒன்றுக்குத் தாவுவது மாற்றுச் சிகிச்சையன்று, சிகிச்சையைத் துறத்தலேயாம். வேறொரு ஸ்ரற்றினுக்கு மாறலாம். சிறிய மருந்தளவைக் கொண்டு எசெற்றிமைப்பைச் சேர்க்கலாம். கொரியாவில் 3780 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், அத்தகைய சேர்க்கை பெரிய மருந்தளவிலான ஸ்ரற்றினுக்குக் குறையாது நின்றது.

'இயற்கை மருந்து' என்னும் கவர்ச்சி இன்னொன்று. சிவப்புப் பங்கசு ஏற்றிப் புளிக்கவைத்த சீன அரிசியின் பொடி, ஸ்ரற்றின் வேண்டாதோர்க்கு உகந்ததென விற்கப்படுகின்றது. அதில் கொலஸ்திரோலைக் குறைக்கும் பொருள் மொனகோலின் கே. அது லோவாஸ்ரற்றினேயன்றி வேறன்று. ஸ்ரற்றினுக்கு அஞ்சி ஓடுவோர் அளவு குறிக்கப்படாத ஸ்ரற்றினையே விலைகொடுத்து வாங்குகின்றனர். யப்பானில் 2024இல் அத்தகையதொரு பொடி வகை, பலருக்குச் சிறுநீரகத் தீங்கு விளைத்தமையால் மீளப்பெறப்பட்டதும் இவ்விடத்து நினைவுகொள்ளத்தக்கது.

5. விலையும் பொறுப்பும்

எவலோகுமாப் 2015இல் அமெரிக்காவிற் சந்தைக்கு வந்தபோது அதன் ஓராண்டு விலை 14,000 டொலருக்கு மேற்பட்டது. வாங்குவார் அருகியமையால் 2018இல் அது 5850 டொலராகக் குறைக்கப்பட்டது. நூற்றுக்கு ஒருவரை அல்லது இருவரைக் காக்கும் நன்மைக்கு ஒரு குடும்பம் எவ்வளவு கொடுக்கலாம் என்பது மருந்தியலுக்கு அப்பாற்பட்ட வினாவன்று. மருந்தியலின் நடுவிலுள்ள வினா. பரம்பரையாகவே கொலஸ்திரோல் மிக உயர்ந்து இளமையிலேயே மாரடைப்புறும் குடும்பத்தினர்க்கு அவ்வூசி பெருங்கொடை. சற்றே உயர்ந்த அளவுடைய மற்றையோர்க்கு அதனை எழுதிக்கொடுப்பது வேறு விடயம்.

இலங்கைக்கு இவ்வினா புதியதன்று. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அளித்த அறிக்கையும், அதே ஆண்டில் எழுந்து அவரையே முதற் தலைவராகக் கொண்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் எழுப்பிய வினா இதுவே. மருந்தின் பெயரும் விளம்பரமும் அல்ல, தேவையும் பயனும் பாதுகாப்பும் விலையுமே அதனைத் தேர்வதற்குரிய அளவுகோல்கள் என்று அவர் நிலைநாட்ட முயன்றார். 1977இல் அவர் மறைந்தார்; அவர் கொள்கையைத் தழுவிய ஒழுங்குறுத்துகைச் சட்டம் 2015இலேயே வந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் அடிப்படை மருந்துகளும் அருகிய நாட்களைக் கண்ட ஒரு நாடு, அளவை மட்டுங் குறைக்கும் மருந்துக்கு ஒரு சதமேனும் செலவிடுவது ஆடம்பரமன்று, அநீதி. அச்சதம் வேறொரு நோயாளியின் மருந்துக்குரியது.

'பெரிய ஆய்வுகளுக்குப் பத்தாண்டு ஆகும். அதுவரை நோயாளர் காத்திருப்பதா?' என்று சிலர் வினவுவர். தேர்ந்த மருந்து இல்லாதவிடத்து அவ்வினாவுக்கு வலுவுண்டு. ஆனால் கொலஸ்திரோல் அத்தகைய இடமன்று. மலிவான ஸ்ரற்றினும், அதனோடு சேர எசெற்றிமைப்பும், அவற்றைத் தாங்காதார்க்குப் பெம்பிடோயிக் அமிலமும், மிகு ஆபத்துடையார்க்கு ஊசிமருந்தும் என்றொரு வரிசை சான்றோடு நிற்கின்றது. இவ்வரிசையைத் தாண்டி நியாசினுக்கும் பொடிகளுக்கும் கைநீட்ட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. அவசரம் விற்போருக்கு மட்டுமே உண்டு.

எனவே மருந்துச் சீட்டை எழுதுவோரிடமும் பெறுவோரிடமும் வேண்டப்படுவது ஒன்றே. 'எவ்வளவு குறைத்தது?' என்ற வினாவோடு அமையாது, 'எத்தனை பேரைக் காத்தது?' என்ற வினாவையும் கேட்டல் வேண்டும். குளோபைபிரேற்றை உட்கொண்டு மாண்டோரின் கொலஸ்திரோலும் குறைந்தே இருந்தது.